ஸ்டிக்கரில் 100, ரோலரில் 61... கோவையில் ஒரு டர்போ காரின் எச்.பி. கணக்கு

கோவைக்காரர்களுக்கு எச்.பி. என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துக் கிணற்றுக்கு 5 எச்.பி. மோட்டார் போதுமா, 7.5 எச்.பி. வேண்டுமா என்ற பேச்சு இங்கே கல்யாணப் பந்தியில்கூட ஓடும். பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் பக்கம் ஏதோ ஒரு சந்தில் நுழைந்தால் லேத் ஓடும் சத்தம் கேட்கும். இல்லையென்றால் மோட்டார் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாசனை வரும். ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் அல்லவா?

பம்புசெட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஓர் எச்.பி. இருக்கும். கிணற்றடியில் குழாய் வழியே கொட்டும் தண்ணீர் வேறோர் எச்.பி.யைச் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்குள்ள விவசாயிகளுக்கு மனப்பாடம். அதே வித்தியாசத்தை இப்போது கார்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் கோவை இளைஞர்கள் சிலர். கையில் இருப்பதோ செகண்ட் ஹேண்ட் டர்போ கார், பட்ஜெட்டும் சின்னதுதான்.

கரிவரதன் போட்ட பாதை

குறைந்த செலவில் வேகம் என்பது கோவைக்குப் புதிதில்லை. போத்தனூரைத் தாண்டி செட்டிபாளையம் போனால் கரி மோட்டார் ஸ்பீட்வே வரும். இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் இந்தப் பந்தயத் தடம் 2003-ல் திறக்கப்பட்டது. பெயரில் இருக்கும் 'கரி', கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். வெளிநாட்டிலிருந்து ரேஸ் கார் இறக்குமதி செய்வது பெரும் பணக்காரர்களுக்கு மட்டுமே முடிந்த காலத்தில், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கியவர் அவர். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் அந்த வகைக் கார்தான். கரிவரதன் 1995-ல் சிறிய விமான விபத்தில் இறந்துவிட்டார். வீட்டு காரின் எஞ்சினிலிருந்து எவ்வளவு பிழிய முடியும் என்ற அவருடைய கேள்வி மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

இன்று அந்தக் கேள்விக்கு அதிகம் அகப்படுவது 1.3 லிட்டர் டீசல் எஞ்சின். ஃபியட் வடிவமைத்தது. ஸ்விஃப்ட், டிசையர், புன்டோ, இண்டிகா விஸ்டா எனப் பல கம்பெனி கார்களில் ஓடியதால் 'இந்தியாவின் தேசிய டீசல் எஞ்சின்' என்றே கிண்டலாகச் சொல்வார்கள். 1248 சிசி. ஸ்விஃப்டில் 75 பி.எஸ். சக்தி, வேறு டர்போ பொருத்திய சில கார்களில் இதே எஞ்சின் 90 பி.எஸ். கொடுத்தது. (பி.எஸ். என்பது எச்.பி.யின் மெட்ரிக் தம்பி. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை.) '75 வருகிற எஞ்சினில் 90 வருமென்றால் 100 வராதா?' என்ற ஆசை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டர்போ என்பது, புகை வெளியேறும் வழியில் வைத்த ஒரு காத்தாடி. வீணாய்ப் போகும் புகை அதைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காத்தாடி வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். சிறிய டர்போக்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். உள்ளே காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம், சக்தி ஏறும். எவ்வளவு காற்று, எவ்வளவு டீசல் என்பதைக் காரின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. சாதாரண எஞ்சினில் சக்தியை ஏற்ற இரும்பைக் கடைய வேண்டும்; டர்போ எஞ்சினில் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றினாலே ஏறும். பட்ஜெட் பிரியர்கள் டர்போ காரைத் தேடுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

அதிலும் மலிவான வழி 'டியூனிங் பாக்ஸ்'. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. எஞ்சினின் டீசல் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, 'அழுத்தம் குறைவு' என்று பொய் சொல்லும். கம்ப்யூட்டர் நம்பி அழுத்தத்தை ஏற்றும், டீசல் கூடுதலாகப் பாயும். காற்றும் அதற்கேற்ப வந்தால் நல்லது. வராவிட்டால் பின்னால் வருகிறவர் முகத்தில் கரும்புகை.

தகரக் கொட்டகையில் ஒரு காலை

புறவழிச்சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை ஒன்றில், தரையோடு தரையாக இரண்டு பெரிய இரும்பு உருளைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. இதுதான் டைனோ. காரின் முன்சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்தி, வண்டி பாய்ந்துவிடாமல் நாலு பக்கமும் பெல்ட் போட்டுத் தரையோடு இழுத்துக் கட்டி, நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிப்பார்கள். கார் நகராது, உருளைதான் சுற்றும். எவ்வளவு விசையோடு எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை வைத்து சக்தி கணக்காகிறது.

அன்று அதன்மேல் ஏறி நின்றது ஒரு வெள்ளை ஸ்விஃப்ட் டீசல். கணபதியில் லேத் பட்டறையில் வேலை செய்யும் 24 வயது இளைஞருடையது. சரியாகச் சொன்னால் அவர் அப்பா பெயரில் உள்ளது. வீட்டுக்கு அது ஒன்றுதான் கார், தவணை இன்னும் முடியவில்லை. ரூ.14,000 கொடுத்து டியூனிங் பாக்ஸ் வாங்கி மாட்டியிருந்தார். '100 எச்.பி. கியாரண்டி' என்று அதில் ஸ்டிக்கர் வேறு. ஆனால் மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரியை முந்தும்போது பழைய இழுவைகூட இல்லையென்று சந்தேகம். முப்பது வருடமாக மோட்டார் ரீவைண்டிங் செய்யும் அவர் அப்பாவும், வேலைக்கு அரைநாள் லீவு போட்டுக் கூடவே வந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்த முகமாக இல்லை.

உருளைகளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே விஷயம் இருந்தது. "ஏனுங் தம்பி, இது ஷாஃப்ட்ல எடுக்கற எச்.பி.யா, தண்ணி கொட்டற எடத்துல எடுக்கறதுங்களா?"

ரேஸ் கார்களைத் தயார் செய்து பழகிய மெக்கானிக் சிரித்துவிட்டார். "தண்ணி கொட்டற எடத்துலதானுங்ணா. கம்பெனிக்காரன் சொல்ற 75, எஞ்சின் ஷாஃப்ட்ல. கியர்பாக்ஸ், டயரு எல்லாம் சாப்பிட்டது போக வீல்ல 65 வந்தா வண்டி நல்லாருக்குன்னு அர்த்தம்."

முதல் ஓட்டம், பாக்ஸுடன். கொட்டகை அதிர்ந்தது, புகைக்குழாயில் கறுப்பாகக் கிளம்பியது. திரையில் கோடு ஏறி, வளைந்து, நின்ற இடம் 61.

இளைஞர் பேசவில்லை. மெக்கானிக் பாக்ஸைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினார்: 57. கம்பெனி எதிர்பார்ப்பைவிட எட்டு குறைவு. அப்படியென்றால் பாக்ஸுக்கு முன்னாலேயே வண்டிக்கு நோய் இருந்திருக்கிறது. டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் ஹோஸ்களைத் தடவிப் பார்த்தபோது, இன்டர்கூலர் பக்கத்து ஹோஸின் அடிப்பாகத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. நின்ற இடத்தில் பார்த்தால் தெரியாது. அழுத்தம் ஏறினால் வாய் திறக்கும். டர்போ கஷ்டப்பட்டு அழுத்திய காற்றில் ஒரு பங்கு எஞ்சினுக்குப் போகாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. குறைந்த காற்றில் பாக்ஸ் கூடுதல் டீசலை ஊற்ற, கரும்புகையும் சூடும்தான் மிச்சம். இப்படியே மலை ஏறியிருந்தால் பிஸ்டனோ டர்போவோ போயிருக்கும். டர்போ மாற்றும் செலவில் அந்தக் குடும்பத்தின் பல மாதத் தவணையைக் கட்டிவிடலாம்.

புது ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து ரூ.1,200 சொச்சம். மதியம் இன்னொரு ஓட்டம், பாக்ஸ் இல்லாமல்: 65.

ரூ.14,000 தந்ததைவிட ரூ.1,200 கூடுதலாகத் தந்துவிட்டது. அளக்க ஆன ரூ.3,000 தனி. டியூனிங் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் செய்யவேண்டிய செலவு அந்த மூவாயிரம்தான். பலரும் கடைசியில் செய்கிறார்கள், சிலர் செய்வதே இல்லை.

நம்பரை ஏமாற்றுவது எப்படி?

டைனோ பேப்பரில் இருப்பதெல்லாம் வேதவாக்கும் இல்லை. சூடான காற்று லேசானது, அதில் எஞ்சினின் சக்தி குறையும். அதனால் கொட்டகையில் 36 டிகிரி இருந்தால், '25 டிகிரியாக இருந்தால் எவ்வளவு வந்திருக்கும்' என்று மென்பொருள் திருத்திக் காட்டும். அந்த இடத்தில் 36-க்குப் பதில் 46 என்று தட்டினால், காரைத் தொடாமலே நம்பர் ஏறிவிடும். அதுவும் டர்போ கார்களில் கம்ப்யூட்டரே காற்றழுத்தத்தை ஓரளவு சரிசெய்துகொள்கிறது. அதன்மேல் திருத்தம் போடுவது ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் வாங்குவது மாதிரி. பெல்ட்டை எவ்வளவு இறுக்கினார்கள், டயரில் காற்று எவ்வளவு என்பதும் நம்பரை மாற்றும். ஒரே டைனோவில், ஒரே நாளில், முன்னும் பின்னும் எடுத்த இரண்டு நம்பர்களின் வித்தியாசத்தை மட்டும் நம்பலாம். வேறு ஊர் டைனோ நம்பரோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை.

காற்றின் இந்த விளையாட்டைப் பார்க்கக் கோவையைவிட வசதியான ஊர் கிடையாது. ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியில் இருக்கலாம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. டர்போ இல்லாத கார் பர்லியாறு தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். டர்போ கார் கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று குறையைச் சமாளித்துவிடும். இதைத்தான் 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் செய்து பார்த்தார். விமான எஞ்சின் ஒன்றைச் சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோய் ஓடவிட்டு அளந்தார். கீழே 350 எச்.பி. அளவில் கொடுத்த எஞ்சின், உச்சியில் டர்போ இல்லாமல் 230-க்கு இறங்கியது. டர்போவுடன் 356. அளக்கும் கருவியையும் மலைமேல் ஏற்றியிருக்கிறார் மனிதர்!

மறுபடி கொட்டகைக்கு. எஞ்சின் நன்றாக இருக்கிறதென்று தெரிந்துவிட்டதால், இனி கம்ப்யூட்டர் கணக்கையே முறையாக மாற்றி எழுதும் 'ரீமேப்' செய்தால் சக்கரத்தில் 76, 78 வரை போகலாம் என்றார் மெக்கானிக். கூடவே மற்றதையும் ஒளிக்காமல் சொன்னார். முதலில் வழுக்குவது கிளட்ச். ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் தந்த மூல விவரங்களிலிருந்து வண்டியை அனுமதியின்றி மாற்றினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

"வண்டி என்ற பேர்லதான் இருக்குது கண்ணு" என்று மட்டும் சொன்னார் அப்பா. ரீமேப் பேச்சு அத்தோடு நின்றது. பாக்ஸ் டிக்கியில் போய்ப் படுத்தது.

எடைமேடை கணக்கு

டைனோவுக்கும் காசில்லாதவர்களுக்கு ஒரு நாட்டு வழி உண்டு. லாரிகள் ஏறும் எடைமேடையில் காரை ஏற்றி, ஆட்களோடு சேர்த்து எடை போட வேண்டும். பிறகு, பொதுச்சாலையில் அல்ல, பந்தயத் தடத்தின் பயிற்சி நாளில் கட்டணம் கட்டி உள்ளே போய், மூன்றாவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-ஐத் தொட எத்தனை நொடி ஆகிறது என்று செல்போன் ஜி.பி.எஸ். மூலம் குறிக்க வேண்டும். ஒரே திசையில் மட்டும் ஓடுவதால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் எழுதிக்கொள்வது நல்லது. எடையும் வேகமும் தெரிந்தால் சேர்ந்த ஆற்றல் தெரியும். அதை நொடியால் வகுத்தால் சராசரி சக்தி. பிளஸ் டூ இயற்பியல்தான்.

அந்த ஸ்விஃப்ட், அப்பாவும் மகனும் உட்கார்ந்திருக்க, எடைமேடையில் 1,210 கிலோ. ஹோஸ் வெடித்திருந்த காலத்தில் செட்டிபாளையம் தடத்தில் மகன் குறித்துவைத்த நேரம் 9.2 நொடி. கணக்குப் போட்டால் சராசரி 44 பி.எஸ். ஹோஸ் மாற்றியபின் அதே நேர்ப்பாதையில் 8 நொடி. ஏறக்குறைய 51 பி.எஸ். எதிர்க்காற்று தின்றது போக மிஞ்சிய சராசரி என்பதால் டைனோ காட்டும் உச்ச நம்பரைவிட இது எப்போதும் குறைவாகத்தான் வரும். ஆனால் ஏறியதா, இறங்கியதா என்று சொல்லிவிடும்.

எடைமேடைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட அப்பா, தடத்தை விட்டு வெளியே வரும்போது பின்னால் திரும்பிப் பார்த்தார். "அந்த ஸ்பீக்கர் பொட்டி எத்தன கிலோ இருக்கும்டா?"

"இருவது இருக்கும்ப்பா."

"அடுத்த வாட்டி அத எறக்கி வெச்சுட்டு வந்து ஓட்டிப் பாரு."