சாட்சிக்கு வந்த அழைப்பு

காலைப் பூசை முடிந்து நாம் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், பங்கு இல்லத்தின் வாயிலில் ஒருவர் வந்து நின்றார். தோளிலே துணிப்பை, கையிலே ஒரு கட்டுத் தாள்கள். "சாமி, கோர்ட்டிலிருந்து வருகிறேன். தங்களுக்குச் சம்மன் ஒன்று இருக்கிறது" என்றார். இருபது ஆண்டுக் குருத்துவ வாழ்வில் ஆயரின் மாற்றல் ஆணைகளைத் தவிர வேறெந்த ஆணையையும் நாம் கண்டதில்லை. அமீனா நீட்டிய நகலில் கையொப்பமிட்டபோது நம் விரல்கள் சற்றே நடுங்கின. மாலைக்குள் ஊரெங்கும் ஒரே பேச்சு: "சாமியார் மேல் கேசாம்!"

வழக்கு நம்மீது அன்று. பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவர் உயில் எழுதாமல் இறந்திருந்தார். முதல் மனைவிக்குப் பிறந்த மகள், தன் பங்கைக் கேட்டாள். இரண்டாம் மனைவியின் மைந்தர்களோ, அவள் தங்கள் தந்தைக்குப் பிறந்தவளே அல்லள் என்று எதிர்வாதம் செய்தனர். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, நம் மக்களிடையே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கே உண்டு. எனவே வழக்கு முழுவதும் ஒரே வினாவைச் சுற்றி நின்றது: அவள் யார் மகள்? அதற்குரிய ஏடு நம் அலமாரியில் இருந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டுடன் வந்து சாட்சி கூற வேண்டும் என்பதே நமக்கு வந்த ஆணை.

அன்றிரவு நம்மீது அன்புள்ள முதியவர் ஒருவர் வந்தார். "தோத்திரம் சாமி. இரண்டு பக்கமும் தங்கள் மந்தைதான். யாருக்காகவும் தாங்கள் கூண்டேற வேண்டாம். அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு கடுதாசி கொடுத்துவிடுங்கள், போதும்" என்றார். அது விவேகமான ஆலோசனையாகவே நமக்குத் தோன்றிற்று. காய்ச்சல் என்று எழுதி உபதேசியார் கையில் கொடுத்தனுப்பினோம். நமக்குக் காய்ச்சல் இல்லை. இதை எழுதும் இந்நேரத்திலும் நாணுகிறோம்.

மாலையில் உபதேசியார் திரும்பி வந்து சொன்னார்: "அந்த அம்மா பத்து மணியிலிருந்து கோர்ட்டு வராந்தாவிலேயே நின்றது, சாமி. கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. வாய்தா இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டது." அவள் நாட்கூலி செய்து பிழைப்பவள். ஒரு நாள் கூலியும், பேருந்துக் கட்டணமும், இரண்டு மாத நம்பிக்கையும் நம் ஒரு வரிப் பொய்யால் அவளிடமிருந்து பறிபோயின.

அவ்விரவு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் கற்ற இலத்தீன் நினைவுக்கு வந்தது. நாம் சம்மன் என்று சொல்வதை அமெரிக்காவில் 'சப்பீனா' என்கிறார்கள். இங்கிலாந்திலும் 1999இல் நடைமுறை விதிகள் மாற்றப்படும்வரை உரிமையியல் வழக்குகளில் அதுவே பெயர். 'சுப் பேனா' என்ற இலத்தீன் தொடருக்குத் 'தண்டனையின் கீழ்' என்று பொருள். வராவிடில் தண்டனை உண்டு என்பது பெயரிலேயே அடங்கியிருக்கிறது. சாட்சி கூறுவதற்கு வரும் அழைப்பு ஒன்று. 'தூச்செஸ் தேக்கும்', அதாவது 'உன்னுடன் கொண்டு வருவாய்' என்று ஆவணத்தைக் கேட்கும் அழைப்பு மற்றொன்று. நமக்கு வந்தது இரண்டும் சேர்ந்தது.

மறுநாள் நண்பரான வழக்கறிஞர் ஒருவரைக் கண்டு விவரம் கேட்டோம். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை அவர் பொறுமையாக விளக்கினார். அழைக்கப்பட்டவர் வராவிடில் பிடியாணை பிறப்பிக்கலாம். சொத்தைப் பற்றுகை செய்யலாம். ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் சட்டம் மிரட்டுவதோடு நிற்கவில்லை. சாட்சியின் வழிச்செலவுக்குரிய படியை, அழைக்கும் தரப்பார் முன்னதாகவே நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். ஆவணத்தை மட்டும் கேட்டிருந்தால், அதை மற்றொருவர் வழியாக அனுப்பினாலும் போதும்.

அவர் இறுதியாகச் சொன்ன சொல்லே நம் உள்ளத்தில் தைத்தது. "சாமி, தாங்களாக ஏடு தூக்கிக்கொண்டு போனால், அந்த அம்மாள் கட்சி என்று ஊர் சொல்லும். சம்மன் வந்து போனால், கோர்ட்டு கூப்பிட்டது, போனார் என்றுதான் சொல்ல முடியும். இது சாட்சிக்குக் கேடயம், சாமி." நாம் விலங்கென்று அஞ்சியது, உண்மையில் நம்மைக் காக்க வந்ததாகும்.

இவ்வழைப்புக்கு முன் பெரியவர் சிறியவர் என்ற பேதமும் இல்லை. 1974இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன், தம் அலுவலக ஒலிநாடாக்களைத் தருமாறு வந்த ஆணைக்கு இணங்க மறுத்தார். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஜூலை 24 அன்று, கருத்து வேற்றுமையின்றி, அவற்றைக் கொடுத்தே தீரவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஆகஸ்டு 9 அன்று அவர் பதவி விலகினார்.

அவ்வாறாயின் குருவானவர் அறிந்த அனைத்தையும் நீதிமன்றத்தில் கொட்டிவிடலாமா? ஒன்றை மட்டும் சொல்ல இயலாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எக்காரணத்தைக் கொண்டும் வெளியிடலாகாது என்று திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் விதி கட்டளையிடுகிறது. நம் நாட்டுச் சாட்சியச் சட்டமோ, கணவன் மனைவியர் உரையாடலுக்கும், வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் கூறியதற்கும் காப்பளிப்பதுபோல் இதற்குத் தனிக் காப்பு அளிக்கவில்லை; 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை, அதற்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை. 1813இல் நியூயார்க் நகரில் இவ்விக்கட்டு ஓர் இயேசு சபைக் குருவுக்கு நேர்ந்தது. களவு போன பொருளை உரியவரிடம் சேர்ப்பித்த அந்தோணி கோல்மன் அடிகளாரிடம், அதைத் தந்தவர் யார் என்று நீதிமன்றம் கேட்டது. அவர் ஒளிந்துகொள்ளவில்லை, நீதிமன்றத்தில் நின்று, சொல்ல இயலாது என்றும், ஏன் இயலாது என்றும் வெளிப்படையாக உரைத்தார். நீதிமன்றம் அவரை வற்புறுத்தலாகாது என்று தீர்மானித்தது. அவர் காய்ச்சல் என்று கடிதம் எழுதவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்த்தோம்.

அடுத்த வாய்தாவுக்குப் பதிவேட்டைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றோம். அவள் அதே வராந்தாவில் நின்றிருந்தாள். கைகூப்பினாள்; ஒன்றும் கேட்கவில்லை. கூண்டேறி உண்மையே உரைப்பதாக உறுதிமொழி கூறினோம். அக்குடும்பத்தைப் பற்றி நாம் பலவும் அறிவோம் என்று ஊர் நினைத்திருந்தது. நீதிமன்றம் கேட்டதோ ஏட்டிலுள்ள சில வரிகளையே: குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப் பெற்றோர், அன்றைய பங்குக் குருவின் கையொப்பம். வாசித்தோம்.

பின்னர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். "சென்ற வாய்தாவுக்குக் காய்ச்சல் என்றீர்களே. அந்த அம்மாள் வந்து பார்த்ததும் குணமாகிவிட்டதோ?"

மன்றம் அமைதியாயிற்று. மைந்தர்கள் இருவரும் நம்மையே நோக்கினர்.

"அந்த அம்மாள் என்னை வந்து பார்க்கவில்லை, ஐயா. எனக்குக் காய்ச்சலும் இல்லை. இரு தரப்பும் என் மக்கள். வருவதற்கு அஞ்சினேன்" என்றோம். நீதிபதி தலை நிமிர்ந்து பார்த்தார். "இனி எழுதினால் உள்ளதை எழுதுங்கள், ஃபாதர்" என்று மட்டும் கூறினார். அந்த ஒரு வாக்கியம் எந்த அபராதத்தைவிடவும் கனமாக இருந்தது.

மைந்தர்களில் இளையவர் சில மாதங்களுக்குப்பின் பூசைக்கு வந்தார். மூத்தவர் நாம் அப்பங்கை விட்டு மாறும்வரை வரவில்லை. அந்த வருத்தம் நமக்கு இன்றும் உண்டு. எனினும் சென்றதற்காக வருந்தவில்லை. முதல் முறை செல்லாததற்காகவே வருந்துகிறோம்.

அன்பார்ந்தவர்களே, உங்கள் இல்லத்திற்கும் இத்தகைய தாள் ஒருநாள் வரக்கூடும். சாட்சிக்கு வரும் அழைப்பு குற்றச்சாட்டு அன்று, கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். நீதிமன்ற முத்திரையும் கையொப்பமும் உண்டா என்று பாருங்கள். சாட்சி சொல்லவா, ஆவணம் கொணரவா என்று வாசியுங்கள். ஐயம் இருப்பின் வழக்கறிஞரைக் கேளுங்கள். மெய்யாகவே செல்ல இயலாதாயின், மெய்யான காரணத்தை எழுதுங்கள். நீங்கள் வருவீர்கள் என்று நம்பி, சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அங்கே ஒருவர் காத்திருப்பார்.