பாசிக்கு நான் கொடுத்த கடன்

புவனேஸ்வரத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சிலிகா ஏரியைப் பார்க்காமல் ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள் என்று தங்கமணி சொன்னதால், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்பா போனோம். ஆழமில்லாத இடத்தில் படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். குனிந்து பார்த்தால் தண்ணீருக்கடியில் நாற்றங்கால் மாதிரி புல். ஒரு பக்கம் மட்டும் பச்சை நூல்கண்டைப் பிரித்துப் போட்டதுபோல் அதன்மேல் பாசி.

"ரெண்டும் பச்சைதானேப்பா, என்ன வித்தியாசம்?" என்றான் பையன்.

பி.காம். படித்த பாங்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் எனக்குப் பதில் தெரியும். அது எப்படித் தெரியவந்தது என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

கடற்புல் பாசி இல்லை. வேர், இலை, பூ எல்லாம் உள்ள நிஜமான செடி. சேற்றிலிருந்தும் சத்தை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் தெளிவாக இருந்து வெயில் கிடைத்தால் போதும், சிக்கனமாகக் குடும்பம் நடத்திவிடும். பாசிக்கு நிஜமான வேர் கிடையாது. தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உடம்பு முழுக்க உறிஞ்சும். உரம் கூடினால் பாசிதான் முந்திக்கொள்ளும். கடல்மேல் விழும் வெளிச்சத்தில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்காவது புல்லுக்கு வேண்டும். மேலே பாசி பாய் விரித்தால் அதுவும் கிடைக்காது. பாசி அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். சேற்றில் சல்பைடு சேர்ந்து வேரைக் கொல்லும். வேர் போனால் சேறு கலங்கும், வெளிச்சம் இன்னும் குறையும். வட்டிக்கு வட்டி ஏறுகிற கதைதான்.

எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டம், சேதுபாவாசத்திரம் பக்கம். 2011-இல் அந்தக் கடற்கரையிலேயே ஒரு கிளையில் விவசாயக் கடன் பார்த்துக்கொண்டிருந்தேன். வனாமி இறாலுக்கு 2009-இல் அனுமதி கிடைத்த பிறகு ஊரெல்லாம் அதே பேச்சு. ஒரு பண்ணைக் கடன் என் மேஜைக்கு வந்தது. பத்திரம், பட்டா, பதிவு எல்லாம் சரி. கழிவுநீர் எங்கே போகும் என்ற இடத்தில் "வாய்க்கால் வழியாகக் கடலுக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இறால் தின்னாமல் விட்ட தீவனமும் அதன் எச்சமும்தான் அந்தத் தண்ணீர் என்று யோசிக்கவில்லை. கடன் கெடுவுக்கு முன்பே அடைந்தது. மேலதிகாரி கை குலுக்கினார்.

2016-இல் அப்பாவின் திதிக்குப் போனபோது, நண்டு வலை போடும் சித்தப்பா என்னை அந்த வாய்க்கால் முகத்துக்குக் கூட்டிப்போனார். கையை விட்டு ஒரு பிடி பாசியை அள்ளினார். அழுகின முட்டை நாற்றம்.

"முன்னல்லாம் இங்க புல்லுல கால வச்சா நண்டு ஓடும் தம்பி. இப்ப வலை பூரா பாசிதான் அப்புது. இந்தப் பண்ணைக்கெல்லாம் எந்த பாங்கு கடன் குடுத்துச்சோ."

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம்தான் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

ஒரு பண்ணையால் மட்டும் வந்தது இல்லை இது. ஊர்ச் சாக்கடை, வயல் உரம் எல்லாமே கடலில்தான் சேருகின்றன. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. எங்கள் பக்கம் ஆவுளியா என்பார்கள். நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல் தின்னும் பிராணி. புல் இல்லாவிட்டால் அறிவிப்பை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்?

திருத்த முடியாததும் இல்லை. அமெரிக்காவில் டாம்பா வளைகுடாவில் சாக்கடை நீரைச் சுத்திகரித்து, நைட்ரஜனைக் குறைத்து, பாதி அழிந்த கடற்புல்லை 2015 வாக்கில் 1950-களின் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 2016-க்குப் பிறகு மறுபடி குறைந்தது. கடலுக்கு ஒரே தவணையில் அடைத்துவிட முடியாது போல.

இப்போது இறால் கடன் எது வந்தாலும் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றித்தான். வெளியே விடுமுன் தேக்கித் தெளியவைக்கக் குட்டை உண்டா என்று நேரில் போய்ப் பார்க்கிறேன். ஆபீசில் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

ரம்பாவிலிருந்து திரும்பிய ராத்திரி சித்தப்பாவுக்கு போன் போட்டேன். அந்தக் கையெழுத்து என்னுடையது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"பொங்கலுக்கு வர்றியா?" என்றார் கடைசியில்.

டிக்கெட் போட்டாச்சு. இந்தத் தடவை பையனையும் அந்த வாய்க்காலுக்குக் கூட்டிப்போகப் போகிறேன்.