பேனா கனத்த நாட்கள்



காய்ச்சல் வந்தால் அயல் வீடு வரை சொல்கிறோம். பிரஷர் ஏறினாலும் சீனி கூடினாலும் கலியாண வீட்டில்கூட அதையே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு பாரம் வந்து குந்திக்கொண்டு, சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல், தொழுகைப் பாயில் உட்கார்ந்தபடியே நேரம் போனால், அதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு மறைக்கிறோம். ஓதிப் படித்த வீட்டிலா இப்படி என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம் நமக்கு.

அந்தக் கேள்விக்கு 900 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெரிய மனிதர் தமது வாழ்க்கையைக் கொண்டு விடை சொல்லியிருக்கிறார். அவர் வேறு யாருமல்லர், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்தாம். அவர்களது இஹ்யாவை நாம் அறிவோம். அதை எழுதிய மனிதரின் நாவு ஒரு காலத்தில் பேச மறுத்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஹிஜ்ரி 450 இல், அதாவது கி.பி. 1058 இல், குராஸானின் தூஸ் நகரில் அவர்கள் பிறந்தார்கள். இன்று அந்த இடம் ஈரானில் மஷ்ஹத் நகருக்கு அருகே உள்ளது. சிறு வயதிலேயே வாப்பா வபாத்தாகிவிட்டார். இவரையும் தம்பி அஹ்மதையும் ஸூபியான ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். விட்டுச் சென்ற பணம் தீர்ந்ததும், மத்ரஸாவில் சேர்ந்தால் உணவாவது கிடைக்கும் என்று அந்த நண்பர் வழி சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஆக, முதல் இலக்கு வயிற்றுப்பாடாக இருந்தது.

பின்னர் நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் கற்றார்கள். 1085 இல் உஸ்தாத் மறைந்தபின், ஸல்ஜூக்கிய அரசின் அமைச்சர் நிஸாமுல் முல்கின் சபைக்குச் சென்று விவாதங்களில் பெயர் பெற்றார்கள். 1091 இல் பக்தாதின் நிஸாமிய்யாக் கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அப்போது வயது 33. தம்மிடம் 300 மாணவர்கள் பாடம் கேட்டதாக அவர்களே குறிப்பிடுகிறார்கள். கற்பித்தலுக்கிடையே கிடைத்த ஓய்வில் தத்துவ நூல்களைத் தாமாகவே படித்து, அக்கருத்துக்களை விளக்கி ஒரு நூலும் மறுத்து ஒரு நூலும் எழுதினார்கள். இரண்டாவது இலக்கு புகழும் அந்தஸ்தும். அதுவும் கைக்கு வந்துவிட்டது.

வந்தபின்தான் அது தொடங்கியது. 1095 ஆம் ஆண்டு, ரஜப் மாதம் முதல் ஏறத்தாழ 6 மாதங்கள். யாருக்காகக் கற்பிக்கிறேன், எதற்காக எழுதுகிறேன் என்ற கேள்வி உள்ளே அரித்தது. காலையில் பதவியை விட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தால் மாலையில் அந்த முடிவு கலைந்துவிடும். கடைசியில் நாவே கட்டுண்டது. வந்திருக்கும் மாணவர்களின் மனம் மகிழ ஒரு நாளாவது பாடம் சொல்லலாம் என்று முயன்றாலும் ஒரு சொல் வரவில்லை. ஒரு கவளம் இறங்கவில்லை. உடல் மெலிந்தது. வைத்தியர்கள் வந்து பார்த்தார்கள். இது உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவிய நோய், உள்ளத்தின் கவலை நீங்கினாலன்றி மருந்து பலன் தராது என்று கைவிரித்தார்கள்.

சகோதரிகளே, இதை அவரது எதிரிகள் எழுதிவைக்கவில்லை. 50 வயதைத் தாண்டியபின் 'அல்முன்கித் மினள் ளலால்' என்ற நூலில் அவர்களே எழுதிவைத்தார்கள். இன்றைய வைத்தியர் ஒருவர் பார்த்திருந்தால் அந்த நோய்க்கு என்ன பெயர் சொல்லியிருப்பார் என்று நாம் தீர்ப்புக் கூற முடியாது. 1092 இல் நிஸாமுல் முல்க் கொலை செய்யப்பட்டது போன்ற அரசியல் குழப்பங்களையும் ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டுகிறார்கள். ஆனால் ஒன்று நிச்சயம். அவர்களுக்கு ஈமான் குறைந்ததால் இப்படி நேர்ந்தது என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. அப்படியானால் நம் வீட்டில் ஒருவர் வாயடைத்துக் கிடக்கும்போது மட்டும் அந்தச் சொல் நம் நாவில் எப்படி அவ்வளவு இலகுவாக வருகிறது?

என் விடயத்தையும் சொல்கிறேன். இமாமவர்களின் கால் தூசுக்கும் ஈடாகாதவன் நான். எனினும் எழுத்தும் கற்பித்தலுமே எனது தொழில். அரபுக் கல்லூரியிலிருந்து மௌலவிப் பட்டத்தோடு வெளியேறியபோது, தமிழில் கனதியான ஒரு நூல் எழுத வேண்டும், நூலகங்களில் அது நிற்க வேண்டும் என்று ஓர் இலக்கு வைத்திருந்தேன். பகலில் பாடம், இஷாவுக்குப் பின் எழுத்து. இப்படியே ஏழு ஆண்டுகள் போயின.

நம் நாட்டில் தமிழில் நூல் எழுதுபவரின் கதை உங்களுக்குத் தெரியும். எழுதியவரே அச்சுக்கூலியையும் கொடுத்து, மண்டபமும் பிடிக்க வேண்டும். வெளியீட்டு விழாவில் தனவந்தர் ஒருவர் முதற்பிரதியைப் பெற்றுக்கொள்வார். பேச்சுக்கள் முடிந்து படமும் எடுத்தபின் மிச்சப் பெட்டிகள் எழுதியவரின் வீட்டுக்கே திரும்பி வரும். எனது பெட்டிகளும் வந்தன. 500 பிரதிகளில் 350 ஐக் கட்டிலுக்குக் கீழே அடுக்கினோம்.

விற்காத கவலையால் வந்த நோய் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கவலை சில வாரங்களில் ஆறிவிட்டது. அதற்குப் பின் வந்ததற்குத்தான் காரணம் தெரியவில்லை. பேனாவை எடுத்தால் கை கனத்தது. ஸுபஹுக்கு இரண்டு மணித்தியாலம் முன்பே விழிப்பு வரும், ஆனால் எழும்ப முடியாது. ஆண்டுதோறும் ஓதிக்கொடுத்த கிதாபில் அடுத்த வரி என்னவென்று வகுப்பில் நின்றபடி தடுமாறுவேன். என் பிள்ளைகள் பக்கத்தில் சிரித்தாலும் அது தூரத்து வீட்டுச் சத்தம் போலக் கேட்கும். அழுதால் ஆறுமே என்று பார்த்தால் அழுகையும் வராது.

நலம் விரும்பிகள் பலர் வந்தார்கள். கண்ணூறு என்றார் ஒருவர். திக்ரைக் கூட்டுங்கள் என்றார் இன்னொருவர். "உங்களைப் போன்றவர்களே இப்படி இருந்தால் பாமரர்கள் என்ன செய்வது?" என்று மூன்றாமவர் கேட்டுவிட்டுப் போனார். அன்றிரவு என் நெஞ்சில் இருந்த பாரம் இரட்டிப்பானது. ஓதிப் பார்த்தோம். அதில் ஆறுதல் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நோய் நோயாகவே இருந்தது.

வழியைக் கண்டது என் மனைவி. அவர் ஆலிமா அல்லர், சாதாரண தரம் வரை படித்தவர். ஓர் இரவு நான் தொடாமல் வைத்த சோற்றுப் பீங்கானை எடுத்து வைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"இஞ்ச பாருங்க, உங்களுக்கு ஈமான் குறையல்ல. இது வருத்தம். என்ட வாப்பாக்கு சீனி கூடினப்போ நீங்கதானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீங்க? நாளைக்கு நான் உங்களக் கூட்டிப் போறன்."

அப்படியே கூட்டிப் போனார். அரசாங்க வைத்தியசாலையின் மனநலக் கிளினிக் அது. டொக்டர் நிதானமாகக் கேட்டார். எத்தனை வாரமாக இப்படி? தூக்கம் எப்படி? பசி எப்படி? முன்பு விரும்பிச் செய்தவற்றில் இப்போது விருப்பம் இருக்கிறதா? வாழ்வதில் பயனில்லை என்று தோன்றியதா? இரண்டு வாரங்களுக்கு மேலாக, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும் பகுதி இப்படியே கழிந்தால் அது வெறும் கவலை இல்லை, மனச்சோர்வு என்ற நோய் என்று விளக்கினார். குளிசை தந்தார். அது உடனே வேலை செய்யாது, சில வாரங்கள் எடுக்கும், சுகம் கண்டதும் நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம் என்றார். உளவளத்துணையாளர் ஒருவரிடம் பேசுவதற்கும் நாள் குறித்துத் தந்தார். ஆறாவது வாரத்தில் ஒரு காலை, மனைவி தந்த பிளேன்டியின் சுவை நாவில் தெரிந்தது. பல மாதங்களுக்குப் பின் தெரிந்த சுவை அது.

இந்த வைத்தியம் வெளியிலிருந்து வந்த புதுமை என்று எவரும் எண்ண வேண்டாம். 934 இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற முஸ்லிம் அறிஞர் உடல், உள்ளம் இரண்டின் நலத்துக்குமாக 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்' என்ற நூலை எழுதினார். உடல் நோயுறுவது போல உள்ளமும் நோயுறும் என்றார். துக்கத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, இழப்பு போன்ற காரணம் தெரிந்த துக்கம். மற்றது, காரணமே தெரியாமல் வந்து பிடிக்கும் துக்கம். பின்னது உடலிலிருந்து எழுவது, அதற்கு உடலுக்குரிய வைத்தியமும் தேவை என்று எழுதினார். அதற்கும் மேலாக, கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்களே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நோய்க்கு மருந்து செய்யுமாறும் பணித்திருக்கிறார்கள். மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதை ஸூரா யூஸுபில் ஓதுகிறோம். நபிமார்களுக்கே வந்த துக்கத்தை நம் வீட்டில் வெட்கமாகக் கருத என்ன இருக்கிறது?

இமாமவர்களின் கதை பக்தாதோடு முடியவில்லை. 1095 நவம்பரில் அவர்கள் நகரை விட்டுப் புறப்பட்டார்கள். பிள்ளைகளின் செலவுக்குப் போதியதை ஒதுக்கிவைத்த பின்பே மிச்சச் செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். குடும்பத்தை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். திமிஷ்கில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், பின்னர் பைத்துல் முகத்தஸ், கலீல், அப்பால் ஹஜ். பிள்ளைகளின் அழைப்புத்தான் அவர்களை மீண்டும் ஊருக்கு இழுத்தது. அங்கும் குடும்பப் பொறுப்பும் வாழ்க்கைச் செலவும் அமைதியைக் குலைத்தன. மனத்தெளிவு விட்டு விட்டுத்தான் கிடைத்தது, ஆயினும் நம்பிக்கையை விடவில்லை என்று எழுதுகிறார்கள். சுகம் ஒரே நேர்கோட்டில் வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

40 பாகங்கள் கொண்ட இஹ்யா அந்தக் காலத்தின் கனி. பின்னர் அரபு தெரியாத பொதுமக்களுக்காகப் பாரசீகத்தில் 'கீமியாயே ஸஆதத்' எழுதினார்கள். 1106 இல் நைஸாபூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார்கள். கற்பித்தல் பழையதுதான், நோக்கம் மட்டும் புதியது. அவர்கள் வாழ்ந்திருந்தபோதே, 1109 இல், ஸ்பெயினின் குர்துபாவில் இஹ்யா தீயிலிடப்பட்டது. ஆனாலும் 1111 டிசம்பரில் வபாத்தாவதற்குச் சில நாட்களுக்கு முன்பு கூட ஒரு நூலை முடித்திருந்தார்கள்.

என் இலக்கும் மாறியிருக்கிறது. நூலகத்தில் நிற்கும் நூலைப் பற்றி இப்போது நான் நினைப்பதில்லை. குசினி வேலை முடிந்து, பிள்ளைகள் உறங்கியபின், ஒரு சகோதரி இரண்டு பக்கம் வாசித்து, "இது எனக்குத்தான் எழுதியிருக்கு" என்று நினைத்தால் போதும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இலக்கை மாற்றியதால் எனக்கு நோய் தீரவில்லை. வைத்தியத்தால் பாரம் குறைந்த பின்புதான் இலக்கை நின்று பார்க்கவே எனக்குத் தெம்பு வந்தது. பாரம் இருக்கும் நாட்களில் தொழிலை விடுவது, ஊரை விடுவது போன்ற பெரிய முடிவுகளை ஒத்திவைக்குமாறு டொக்டரும் சொன்னார். இன்றும் சில மாதங்களில் கை கனக்கும். அப்போது மனைவி என் முகத்தைப் பார்ப்பார், கிளினிக் கொப்பியை எடுத்து மேசையில் வைப்பார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி இருக்கலாம். வேலை இழந்த கணவராக இருக்கலாம், பரீட்சையில் தவறிய மகளாக இருக்கலாம், பிள்ளை பெற்ற சில வாரங்களில் பிள்ளையைத் தூக்கவும் மனமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மருமகளாக இருக்கலாம். எல்லோருக்கும் சோறு பரிமாறிவிட்டுத் தான் சாப்பிட மறந்துபோகும் நீங்களாகவே இருக்கலாம். அவரைக் கண்டிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், கேளுங்கள். ஓதுங்கள், கூடவே வைத்தியரிடமும் காட்டுங்கள். மரணத்தை விரும்பிப் பேசினால் அதைக் கோபத்தில் சொன்ன பேச்சென்று தள்ளிவிடாமல், தனியே விடாமல், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

வாயடைத்துப் போயிருப்பவரின் நாவை அல்லாஹ் திறந்து வைப்பானாக. அவருக்குப் பக்கத்தில் பொறுமையோடு உட்கார்ந்திருப்பவரின் நற்கூலியை நிறைவாக்குவானாக. நம் வீடுகளில் நோயுற்ற உள்ளங்களுக்கு ஷிபாவைத் தருவானாக. ஆமீன்.