விற்பவனுக்குத் தெரிந்த குறை

 

வீடியோ கேம் பற்றி மத்ரஸா உஸ்தாத் ஒருவர் எழுதுகிறார் என்றால், அது கூடாது என்று சொல்லத்தான் எழுதுகிறார் என நீங்கள் எண்ணக்கூடும். இன்றைய பேச்சு அதுவன்று. தொழுகையையும் பாடத்தையும் விழுங்காத அளவில், பார்க்கத் தகாத காட்சிகள் உள்ளவற்றை ஒதுக்கி, பள்ளிப் பருவம் முதல் இன்றுவரை நான் விளையாடி வருபவன். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்த சாதனத்தில் மஞ்சள் நிறக் கேசட்டைச் செருகி மாரியோவும் காண்ட்ராவும் ஆடிய தலைமுறை எங்களுடையது. கேசட் ஓடவில்லையென்றால் கழற்றி ஊதிவிட்டு மீண்டும் செருகுவோம். எங்களுக்குத் தெரிந்த பழுதுபார்ப்பு அது ஒன்றுதான்.

அந்தக் கேசட்டுக்குள் என்ன எழுதப்பட்டதோ அதுவே கடைசிவரை இருக்கும். குறையோடு வெளிவந்தால் அக்குறையோடுதான் அது வாழ்ந்தாக வேண்டும். அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1982ஆம் ஆண்டு 'ஈ.டி.' என்ற திரைப்படத்தின் பெயரில் ஒரு விளையாட்டை ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் அவசர அவசரமாக உருவாக்கிக் கடைகளுக்கு அனுப்பியது. வாங்கியவர்கள் நொந்துபோனார்கள். விற்காமல் தேங்கிய கேசட்டுகளுள் பலவற்றை மறு ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ என்னும் ஊரில் குழிதோண்டிப் புதைத்தார்கள். 2014இல் அதே இடத்தைத் தோண்டி அவற்றுள் சிலவற்றை வெளியே எடுத்தார்கள். அன்று திருத்துவதற்கு வழியே இல்லை; மண்ணில் புதைக்கத்தான் வழி இருந்தது.

இன்று வழி இருக்கிறது. அதற்குப் பெயர் பேட்ச். கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு என்பதே அச்சொல்லின் பொருள். புதிய விளையாட்டை வாங்கி டிஸ்க்கைச் சாதனத்தில் போட்டவுடன், 'காத்திருக்கவும், புதுப்பிப்பு இறங்குகிறது' என்று திரையில் வருகிறதே, அதுதான் வெளியீட்டு நாள் ஒட்டு. கடையிலிருந்து வந்த புதுச்சட்டையை உடுத்தும் முன்பே தையற்காரரிடம் கொடுப்பது போன்ற காட்சி. பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. பெற்றோருக்குத்தான், 'நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது ஏன் இன்னும் ஓடவில்லை?' என்று விளங்குவதில்லை.

இந்த ஒட்டையே மோசடி என்று சிலர் ஏசுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. விளையாட்டு ஒரு நிலைக்கு வந்ததும் அதன் மூலப்பிரதியைச் சாதன நிறுவனத்தின் ஒப்புதலுக்கு அனுப்புகிறார்கள். ஒப்புதல் கிடைத்த பிறகு டிஸ்க்குகள் அச்சாகி, பெட்டியிலிடப்பட்டு, கப்பலிலும் லாரியிலும் ஏறிக் கடைகளை அடைகின்றன. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாளும் வேலைசெய்வோர் கைகட்டி உட்கார்ந்திருப்பதில்லை. கண்டுபிடித்த பிழைகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். அத்திருத்தங்கள் டிஸ்க்கில் ஏற முடியாது. ஆகவே வெளியீட்டு நாளன்று இணையத்தின் வழியே வந்து சேர்கின்றன. வாங்கியவன் கையில் பொருள் சேரும்போதே குறையும் நீங்கிவிடுமானால், அவன் எதை இழந்தான்? குறை கண்டவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற உரிமையைப் பேசும் நமது ஃபிக்ஹு நூல்கள், திருப்பிக் கொடுக்கும் முன் குறை தானே நீங்கிவிட்டால் அவ்வுரிமையும் நீங்கும் என்றுதான் சொல்கின்றன.

ஆனால் இணையம் இல்லாதவன் என்ன செய்வான்? நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி என்று அளந்து வாங்கும் வீட்டில், முப்பது நாற்பது ஜிபி ஒட்டு இறங்க எத்தனை நாள் ஆகும்? ஜப்பானியர் ஒருவர் இதை யோசித்தார். 'ஃபைனல் ஃபேண்டஸி 15' என்ற விளையாட்டு 2016 செப்டம்பர் 30 அன்று வருவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதன் இயக்குநர் ஹாஜிமே தபாத்தா அதை நவம்பர் 29க்குத் தள்ளிவைத்தார். வெளியீட்டு நாள் ஒட்டில் வரவேண்டிய திருத்தங்களை டிஸ்க்கிலேயே சேர்க்கவேண்டும், இணைய இணைப்பு இல்லாதவரும் முழுமையான விளையாட்டைப் பெறவேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். கடைசியில் நவம்பரிலும் ஒரு ஒட்டு வரத்தான் செய்தது. இருந்தாலும், முகம் தெரியாத ஏழை வாடிக்கையாளனை எண்ணி இரண்டு மாத வியாபாரத்தை ஒத்திப்போட்ட அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது.

எதிர்த்திசையில் நின்ற கதை எல்லோரும் அறிந்தது. போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் உருவாக்கிய 'சைபர்பங்க் 2077'. அதை நான் ஆடியதில்லை. அதிலுள்ள காட்சிகள் நம் வீடுகளுக்கு ஏற்றவையும் அல்ல. ஆயினும் வியாபாரப் பாடமாக அதைப் படித்தறிவது நல்லது. மும்முறை தள்ளிப்போய், 2020 டிசம்பர் 10 அன்று அது வெளியானது. அதற்குள் 80 லட்சம் பேர் முன்பணம் கட்டியிருந்தார்கள். வெளியீட்டுக்கு முன் விமரிசகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கணினிப் பிரதி மட்டுமே. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் சாதனங்களில் அது எப்படி ஓடுகிறது என்பதை வெளியார் எவரும் பார்க்கவில்லை. அச்சாதனங்களில் வியப்பூட்டும் அளவுக்கு நன்றாக ஓடுகிறது என்று நிறுவனத் தலைமையில் இருந்த ஒருவர் நவம்பர் மாதம் முதலீட்டாளர்களிடம் கூறியிருந்தார். வாங்கிப் போட்டுப் பார்த்தால் படம் மங்கியது, உறைந்தது, பாதியில் நின்றது. வெளியாகி ஒரு வாரம் கடந்த நிலையில் சோனி நிறுவனம் தனது கடையிலிருந்து அதை அகற்றி, கேட்டவர்க்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் அக்கடைக்குள் வந்தது.

இதில் என் மனத்தைத் தைத்த செய்தி வேறொன்று. 2021 ஜனவரியில் நிறுவனத்தின் இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி காணொலியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். பொறுப்பு தலைமையினுடையது, ஊழியர்களைக் குறைசொல்லாதீர்கள் என்றார். அது பண்பான பேச்சு. ஆனால் நீங்கள் சந்தித்த பிழைகளில் பெரும்பகுதி எங்கள் சோதனையில் தென்படவில்லை என்ற பொருளிலும் பேசினார். அவற்றுள் பல தங்களுக்கு முன்பே தெரியும், திருத்த நேரம்தான் இல்லை என்று அங்கே வேலைசெய்தோர் செய்தியாளரிடம் சொன்னதாகப் பிறகு புளூம்பெர்க் எழுதியது.

தெரிந்ததா, தெரியாததா? முழு வழக்கும் அந்த ஒரு கேள்வியில் அடங்குகிறது. விற்பவன் அறியாத குறைக்கும், அறிந்து மூடிய குறைக்கும் இடையே நம் நூல்கள் பெரிய வரப்பைக் கட்டியிருக்கின்றன. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்களின் சம்பவம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மழையில் நனைந்தது வணிகரின் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்ததுதான் குற்றமாயிற்று. முடிவடையாத பொருளை விற்பதுகூட அப்படித்தான். நம் பிள்ளைகள் ஆடும் மைன்கிராஃப்ட், 2011 நவம்பரில் முழுமை பெறுவதற்கு முன்பே விற்பனையில் இருந்தது. ஆனால் இது இன்னும் முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றார்கள். பொருள் வளர வளர விலையும் ஏறியது. ஈரம் மேலே இருந்தது; வேண்டியவன் பார்த்து வாங்கினான்.

விளையாட்டை நிறுவும்போது நாம் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்தும் நீண்ட ஒப்பந்தத்தில், உள்ளது உள்ளபடியே தருகிறோம், குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற வாசகம் பெரும்பாலும் இருக்கும். இதுவும் நமக்குப் புதிதன்று. எல்லாக் குறைகளிலிருந்தும் நான் நீங்கியவன் என்ற நிபந்தனையோடு விற்பதைக் குறித்து இமாம்கள் விரிவாக விவாதித்திருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் அந்நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில், கால்நடையின் உள்ளே மறைந்திருந்து விற்பவனும் அறியாத குறைக்கு மட்டுமே அது செல்லும். அறிந்து மறைத்ததற்குச் செல்லாது. செல்லும் என்றவர்களும் திருப்பிக் கொடுக்கும் உரிமை போவதைத்தான் பேசினார்கள். தெரிந்தே மறைத்த பாவம் போய்விடும் என்று எவரும் சொல்லவில்லை.

இவையெல்லாம் எனக்குப் பாடமாக மட்டும் இருந்தவை, சென்ற ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை வரை. என் அக்காள் மகன் சென்னையில் கைபேசி விளையாட்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறான். வெளியிடுமுன் ஆடிப் பார்த்து, பிழைகளைப் பட்டியலிட்டுக் கொடுப்பது அவன் பணி. பெருநாள் பகல் உணவுக்குப் பின் மாடிக்கு வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னான். வெளிவரவிருந்த விளையாட்டு ஒன்றில் பதினான்கு பிழைகள் கண்டிருக்கிறான். பதின்மூன்று சிறியவை. ஒன்று பெரியது: நினைவகம் குறைந்த பழைய கைபேசிகளில், குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டும்போது, காசு கொடுத்து வாங்கிய நாணயங்கள் அழிந்துவிடுகின்றன. அவனுக்கு வந்த பதில், 'தெரிந்த குறை. வெளியீட்டுக்குப் பின் திருத்தப்படும்.' விளம்பரத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. சோதனை முடிந்தது என்று அவன் ஒப்பமிட வேண்டும்.

"மாமா, ரெண்டு வாரத்துல பேட்ச் வந்துரும். ஆனா அந்த ரெண்டு வாரத்துல காசு போறவங்களுக்கு யார் பதில் சொல்றது? என் சம்பளம் ஹலாலா?"

பழைய கைபேசி யாரிடம் இருக்கும் என்பதை நான் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் தாயார் கையில் இருப்பதே அதுதான்.

நான் ஃபத்வா கொடுக்கும் தகுதியில் உள்ளவனல்லன். அதை அவனிடம் சொன்னேன். பிறகு, வியாபாரப் பாடத்தில் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லும் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைச் சொன்னேன். ஒருவர் ஒட்டகம் ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். வாஸிலா (ரலி) அவர்கள் ஆடை தரையில் இழுபட அவர் பின்னால் விரைந்து சென்று, அதன் குறை உமக்குச் சொல்லப்பட்டதா என்று கேட்கிறார்கள். பிறகு கேட்ட கேள்விதான் முக்கியம்: இதை இறைச்சிக்கு வாங்கினீரா, பயணத்துக்கு வாங்கினீரா? ஹஜ்ஜுக்குச் செல்ல என்கிறார் அவர். அப்படியானால் இதன் குளம்பில் துளை இருக்கிறது என்கிறார்கள். என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்று உரிமையாளர் கடிந்துகொள்கிறார். இறைச்சிக்கு வாங்கியவனுக்குக் குளம்பின் துளை குறையே அல்ல. புதிய கைபேசிக்காரனுக்கு அந்தப் பதினான்காவது பிழை குறையே அல்ல என்பதைப் போல. விற்பவன் மட்டுமன்றி, குறையை அறிந்த மூன்றாமவரும் சொல்லக் கடமைப்பட்டவர் என்று ஷாஃபிஈ இமாம்கள் சட்டம் எடுத்தது இந்நிகழ்ச்சியை வைத்துத்தான்.

அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஒட்டகத்துக்குப் பின்னால ஓடலாம் மாமா, லட்சம் பேருக்குப் பின்னால எப்படி ஓடுறது? வெளியே சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றான். அவன் கேட்டது நியாயம். ஒப்பந்தத்தை முறிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. வாயை மூடிக்கொள்ளச் சொல்லவும் மனமில்லை. 'சோதனை முடிந்தது' என்பதற்குப் பதிலாக, 'சோதனை முடிந்தது. பதினான்காவது குறை திருத்தப்படவில்லை. அது வாங்குபவரின் பணத்தை இழக்கச் செய்யும்' என்று முழு வாக்கியமாக எழுதி ஒப்பமிட முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றான். வேலைக்கு ஆபத்து வருமா என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றான்.

எழுதிக் கொடுத்தான். மேலாளர் அழைத்துப் பேசினார், குரல் உயர்ந்ததாம். ஒட்டகக்காரரின் அதே வார்த்தைதான், ஆங்கிலத்தில். தேதி மாறவில்லை. பதிவிறக்கப் பக்கத்தில் குறைகளின் பட்டியலைப் போடவும் அவர்கள் ஒப்பவில்லை. ஆனால் பழைய கைபேசிகளில் மட்டும் நாணயம் வாங்கும் பொத்தானை, ஒட்டு வரும்வரை மூடிவைத்தார்கள். பத்தொன்பதாம் நாள் ஒட்டு வந்தது, பொத்தானைத் திறந்தார்கள்.

அடுத்த விளையாட்டு இப்போது அவன் மேசையில் இருக்கிறது. போன வியாழன் இரவு இஷாவுக்குப் பிறகு அழைத்தான். இம்முறை பட்டியலில் முப்பத்தொரு பிழைகள். எவை பணத்தைத் தொடுகின்றன, எவை வெறும் நிறத்தையும் ஓசையையும் தொடுகின்றன என்று ஒவ்வொன்றாக வாசித்துப் பிரித்தோம். இருபத்திரண்டாவது எங்களுக்குப் பிடிபடவில்லை. அதை மறுபடி ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.