இரும்புக்கை மாயாவிக்கு ஈரோட்டில் என்ன வேலை?

ஆகஸ்ட் மாதம் கோவை ஜங்ஷனில் ஈரோட்டுக்கு டிக்கெட் எடுக்கும் நாற்பது, ஐம்பது வயது ஆசாமிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. கையில் காலிப் பை. முகத்தில் ஆறாம் வகுப்புப் பையனின் களை. மஞ்சள் வாங்கப் போகிறார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அண்ணன் மாயாவியைப் பார்க்கப் போறாருங்க!

2005 முதல் ஈரோட்டில் புத்தகத் திருவிழா நடக்கிறது. சிவகாசியிலிருந்து முத்து, லயன் காமிக்ஸ்காரர்கள் வந்து கடை விரிப்பார்கள். முத்து 1972-ல் தொடங்கியது, லயன் 1984-ல்.

மாயாவி பிறந்தது இங்கிலாந்தில், 1962-ல், 'வேலியண்ட்' பத்திரிகையில். உடம்பில் கரண்ட் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். கோயமுத்தூர்க்காரருக்கு இவர் சொந்தக்காரர் மாதிரி. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதானே இங்கே மில்கள் பெருகின? கரண்ட் இருந்தால் ஹீரோ, இல்லாவிட்டால் ஜீரோ. மில்லுக்கும் மாயாவிக்கும் ஒரே விதி!

ஸ்பைடர் வேறு ரகம். குற்றச் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டவர், பிறகு திருந்தி, விபரீத வில்லன்களோடு மோதினார். அந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்!

ஒரே ஒரு கவலை. கடையில் புத்தகத்தைப் புரட்டுகிறவர் அப்பா. பக்கத்தில் நிற்கும் பையன் செல்போனில். ஹாலிவுட் சூப்பர் ஹீரோ அடிக்கும் ஜோக்குக்குச் சிரிக்கிறான். தப்பில்லை. ஆனால், ஊர் திரும்பும் ரயிலில் திருப்பூர் வருவதற்குள் நாலு பக்கம் அவனுக்கு வாசித்துக் காட்டுங்க சார். இல்லாவிட்டால், கரண்டே பாயாமல் மாயாவி நிஜமாகவே மறைந்துவிடுவார். இந்தத் தடவை கைகூட மிஞ்சாது!