இல்லாத பாதைக்கு ஓர் எஞ்சின்

எங்கள் ரயில்பாதை எந்த வரைபடத்திலும் இல்லை. 1980களின் அமெரிக்க நடுமேற்கில் ஓடுவதாக நாங்களே புனைந்து, மேசையின் மீது 1:87 அளவில் அமைத்த சிறு சரக்குப் பாதை அது. பெயரும் வண்ணமும் கற்பனை என்பதால் எந்த டீசல் எஞ்சினையும் வாங்கலாம் என்பார்கள் நண்பர்கள். மலிவாகக் கிடைத்தவற்றையெல்லாம் சேர்த்தால் கையிருப்பும் கரையும், மேசையும் பொம்மைக் கடையாகிவிடும்.

ஆகவே புனைவுக்கும் ஒரு வரலாறு வேண்டும் என்று முடிவு செய்தோம். உண்மையான சிறு ரயில் நிறுவனங்கள் பலவும், பெரிய நிறுவனங்கள் கழித்த எஞ்சின்களை வாங்கி வண்ணம் மாற்றியே ஓட்டின. 1949 முதல் 1954 வரை தயாரான ஜிபி7, அதைத் தொடர்ந்த ஜிபி9 ஆகியவை அப்படிக் கைமாறியவை. இல்லினாய் சென்ட்ரல் நிறுவனம் கென்டக்கியின் படூகா பணிமனையில் புதுப்பித்தவற்றுள் பலவும் பின்னர் சிறு பாதைகளையே சென்றடைந்தன.

நாங்களும் அவ்விரு வகைகளோடு நின்றோம்; அவற்றையும் பழையனவாகவே வாங்கினோம். பழைய மாதிரிகள் சிலவற்றில், மோட்டாருக்கு இடம்விடுவதற்காக மேல்மூடி அளவுக்கு மீறி அகன்றிருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் சக்கரங்கள் யாவும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். எஞ்சின் நடைவேகத்திலும் திக்காமல் நகர வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தோற்றக் குறையைத் தூரிகையால் மறைக்கலாம், ஓட்டக் குறையை மறைக்க இயலாது.

எங்கள் வண்ணத்தைப் பூசும்போது, எண்ணுக்கு அடியில் முந்தைய உரிமையாளரின் நிறத்தைச் சற்றே தெரிய விட்டோம். எங்கள் சிக்கனம் அங்கே அந்தப் பாதையின் கடந்தகாலமாகிவிட்டது.