அந்த ஆறு நம்பர்!

'ஓ.டி.பி. நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீங்க'ன்னு ஹாஸ்டல்ல பார்க்கிறவங்களுக்கெல்லாம் ஓசியில் அட்வைஸ் கொடுத்துட்டுத் திரிஞ்ச ஆள் நான். அப்படிப்பட்ட நானே மாட்டினேன் பாஸ். எப்படின்னு சொல்றேன், சிரிக்காம கேளுங்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மறுநாள் இன்டர்னல். நோட்ஸும் கையுமா உட்கார்ந்திருக்கேன். ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தன் நம்பர்ல இருந்து வாட்ஸ்அப்ல மெசேஜ். 'மச்சி, என் கோடு தப்பா உன் நம்பருக்கு வந்துடுச்சு. சீக்கிரம் அனுப்புடா.' எஸ்.எம்.எஸ்.ஸைத் திறந்தா, நிஜமாவே ஆறு இலக்க நம்பர் வந்திருக்கு. நம்ம பய தானேன்னு அனுப்பிட்டேன். மெசேஜுக்குக் கீழேயே 'இந்தக் கோடை யாருக்கும் பகிர வேண்டாம்'னு போட்டிருந்ததை யார் படிச்சா?

அடுத்த நிமிஷம் என் வாட்ஸ்அப் காலி. 'உங்கள் நம்பர் வேறொரு போனில் பதிவாகியிருக்கிறது'ன்னு ஒரு அறிவிப்பு. அப்பதான் உறைச்சது. மெசேஜ் அனுப்பினது நண்பனே இல்லை. அவன் அக்கவுன்ட்டை ஏற்கெனவே சுருட்டினவன். அந்த ஆறு நம்பர் என் வீட்டுச் சாவி. நானே கையில எடுத்துக் கொடுத்திருக்கேன்!

அப்ப மணி ஆறு. அந்த நிமிஷமே நான் கத்தி ஊரைக் கூட்டியிருக்கணும். ஆனா கூட்டலை. ஏன்? வெட்கம்! அட்வைஸ் அம்பலவாணனே ஏமாந்துட்டான்னு தெரிஞ்சா ஹாஸ்டலே ஓட்டித் தள்ளுமே! 'நாமளே சரி பண்ணிடலாம்'னு ஒரு மூலையில உட்கார்ந்து போனைத் தட்டிக்கிட்டிருந்தேன்.

எட்டு மணிக்கு ரூம்மேட் ஓடி வந்தான். "டேய், உங்கம்மாவுக்கு ஆபரேஷனாமே? மூவாயிரம் கேட்டு மெசேஜ் பண்ணியிருக்க?"

விஷயத்தைச் சொன்னதும் அவன் செஞ்சது ரொம்ப சிம்பிள். என் நம்பரைப் போட்டு வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு பண்ணினான். எனக்கு வந்த புதுக் கோடைப் போட்டதும் திருடன் வெளியே! ஆனா அதுக்குள்ள அவன் இரட்டைச் சரிபார்ப்பு பின் நம்பர் ஒண்ணு வெச்சிருந்தான். அது தெரியாததால, நான் உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. ராத்திரி முழுக்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, 'அது நான் இல்லை'ன்னு சொன்னேன். நல்லவேளை, யாரும் பணம் போடலைன்னு நிம்மதியாத் தூங்கினேன்.

காலையில மெஸ்ஸுக்குப் போனேன். பரிமாறுற அண்ணன் என் தட்டுல இட்லியை வெச்சுட்டு மெதுவாக் கேட்டார்: "தம்பி, அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாப்பா?"

இட்லி தொண்டையில இறங்கலைங்க. அவருக்குப் போன் பண்ணணும்னு எனக்குத் தோணவே இல்லை. மூவாயிரம் ரூபாய். 'என் அக்கவுன்ட்ல பிரச்னை, இந்த நம்பருக்குப் போடுங்கண்ணே'ன்னு வந்ததை நம்பி, ஏழேகால் மணிக்குப் போட்டிருக்கார். எனக்கு ஆறு மணிக்கே தெரியும். அந்த ஒண்ணேகால் மணி நேர வெட்கத்தோட விலைதான் அந்த மூவாயிரம்.

உடனே அவரை உட்கார வெச்சு 1930க்குப் போன் பண்ணினோம். சைபர் மோசடியில பணம் போனா புகார் சொல்றதுக்கான தேசிய உதவி எண் அது. பரிவர்த்தனை எண், நேரம் எல்லாம் கேட்டுப் பதிவு பண்ணிக்கிட்டாங்க. சீக்கிரம் சொன்னா, பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாங்க சொல்றதுக்குள்ள விடிஞ்சிருச்சு. பணம் திரும்பலை. என் பாக்கெட் மணியில மூணு தவணையா நான் கொடுத்தப்ப, அண்ணன் வாங்கவே மாட்டேன்னார். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, அது போதும் தம்பி"ன்னார். அவர் திட்டியிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

அதுக்கப்புறம் நான் திருந்தின கதை இதுதான். நீங்களும் இன்னிக்கே செஞ்சு பாருங்க, பத்து நிமிஷம்கூட ஆகாது.

முதல் வேலை, வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல அக்கவுன்ட்டுக்குப் போய் இரட்டைச் சரிபார்ப்பை ஆன் பண்ணுங்க. திருடன் வைக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பின் நம்பரை நீங்க வெச்சிடுங்க. அப்புறம் கோடு மட்டும் கிடைச்சாலும் அவனால சட்டுனு உள்ளே வர முடியாது. மெயிலுக்கும் இதே பூட்டு அவசியம். ஏன்னா மத்த பாஸ்வேர்டையெல்லாம் மாத்துற வழி மெயில் வழியாத்தானே போகுது!

ரெண்டாவது, எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டா? மாத்துங்க பாஸ். 2012ல் லிங்க்ட்இன்ல களவு போன பாஸ்வேர்டுகள் 2016ல் விற்பனைக்கு வந்தன. அதே வருஷம் ஜூன்ல மார்க் ஸக்கர்பெர்க்கோட ட்விட்டர், பின்ட்ரெஸ்ட் கணக்குகள்ல யாரோ புகுந்துட்டாங்க. லிங்க்ட்இன் பாஸ்வேர்டை வெச்சுத்தான் நுழைஞ்சோம்னு அவங்களே பீத்திக்கிட்டாங்க. ஃபேஸ்புக் ஓனருக்கே அந்த கதின்னா, நாமெல்லாம் எம்மாத்திரம்?

மூணாவது, யு.பி.ஐ. பின் நம்பர் பணம் கொடுக்கத்தான், வாங்க இல்லை. 'பணம் வரணும்னா பின் போடுங்க, க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணுங்க'ன்னு யார் சொன்னாலும் கட் பண்ணுங்க. கல்யாணப் பத்திரிகைன்னு ஏ.பி.கே. ஃபைல் வந்தா, தாலி கட்டுறது உங்க மாமா பையனா இருந்தாலும் திறக்காதீங்க.

நாலாவது, அவசரம்னு யார் பணம் கேட்டாலும் ஒரு போன் போட்டுக் குரலைக் கேளுங்க. குரல்லயும் சந்தேகம் வந்தா, உங்க ரெண்டு பேருக்கு மட்டுமே தெரிஞ்ச ஒரு கேள்வி கேளுங்க.

கடைசியா ஒண்ணு. இத்தனையும் செஞ்சும் ஒருநாள் ஏமாந்துட்டீங்களா? வெட்கப்படாதீங்க, வாயைத் திறந்து உடனே சொல்லுங்க. பக்கத்து ரூமுக்கு, வீட்டுக்கு, 1930க்கு. யாரையும் விட்டுடாதீங்க, முக்கியமா உங்க தட்டுல இட்லி வைக்கிறவரை. நாலு பேர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். நாம வாயை மூடிக்கிட்டு இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் திருடனுக்குத்தான் லாபம்!